இரும்புக்கும் காது கொடுக்கணும்

செமோர் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், சம்பளம் போட்ட மறுநாள் மழை பிடித்தால் கள்ளுக்கடை முற்றத்தில் பொடியன்கள் எப்படி மொய்ப்போம் என்று. பெரியவர்கள் மடியிலிருந்து நழுவிய சதுர ஒரு காசு நாணயங்களை மழைத்தண்ணீர் கழுவிக் காட்டும். யார் எந்தத் தூணோரம் உட்காருவார், எழும்போது எந்தப் பக்கம் சாய்வார் என்பதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம், அதனால் குச்சி குத்துமிடம் அநேகமாகத் தப்பாது. 1967இல் சென் நாணயம் வந்ததும் அந்தச் சதுரங்கள் கையைவிட்டுப் போயின. பின்னாளில் லயமும் போய், அது இருந்த மேட்டில் செம்பனை நிற்கிறது.

இன்று அங்கே, நிலக்காரரிடம் கேட்டுக்கொண்டு, பேரன் மெட்டல் டிடெக்டரைத் தூக்கி நடக்கிறான். "தாத்தா, டிஸ்கிரிமினேஷன் வெச்சா இரும்பு வாயத் திறக்காது, காசு மட்டும் கூப்பிடும்" என்கிறான். உலோகத்துக்கு உலோகம் பதில் அலை வருவதில் தாமதம் மாறுகிறதாம், அதை வைத்து எந்திரம் ஆள் பிரிக்கிறது. செம்மண்ணிலேயே இரும்பு கலந்திருப்பதால் முதலில் மண்ணுக்கும் அதைப் பழக்க வேண்டும். கிந்தா பள்ளத்தாக்கையே வாழவைத்த ஈயக்கல்லுக்கோ எந்திரம் பொதுவாக அசைவதில்லை. அது தாது, உலோகமில்லை.

எனக்கு ஆல்-மெட்டல்தான் வேண்டும் என்றேன். திருப்பினான், மேடு முழுக்க அலறியது. பிறகு பின்பாயின்ட்: இந்த முறையில் வட்டை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, சும்மா பிடித்தாலும் உலோகம் நெருங்க நெருங்கச் சத்தம் ஏறும். குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு. சத்தம் அகலமாகப் பரவினால், ஓரத்தில் வைத்துப் பொத்தானை விட்டு மறுபடி அழுத்துவான், வட்டம் சுருங்கி ஒரு கையகலத்தில் வந்து நிற்கும்.

தோண்டினால் ஒரு தகர நாக்கு! வெட்டுக்கோட்டுக்குக் கீழே பட்டையில் அறைந்து, பாலை மங்குக்குள் வழியவிடுவது. அறையும் முனை மழுங்கி, நடுப்பள்ளம் துருவில் பொரிந்திருந்தது. அம்மாவின் நிரையில் விடியற்காலை ஒட்டுப்பால் உரித்துப் போட்டுக்கொண்டே இதைத் தொட்டுத் தொட்டு நடந்த பையன் நான். எங்கள் சனம் இந்த மண்ணில் விட்டுப்போனது அதிகமும் இரும்புதான், டிஸ்கிரிமினேஷன் ஊமையாக்குவதும் அதைத்தான்.

காசு வந்தால் வரட்டும். பழம்பொருளாகத் தோன்றினால் 2005ஆம் ஆண்டுப் பாரம்பரியச் சட்டப்படி மாவட்ட அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும் என்று பேரனுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். தகர நாக்குகளை யாரும் கேட்டு வரப்போவதில்லை. அவை என் வீட்டு முன்வாசல் மேசையில் வரிசையாகக் கிடக்கின்றன. வருகிற பழைய தோட்டத்து ஆட்கள் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, இது எங்கள் தோட்டத்துது, இல்லை உங்களுதுதான் என்று காப்பி ஆறும்வரை வாதாடுகிறார்கள்.