மிச்சம் பிடிக்கும் விளக்குக்காரர்

சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களுக்கு இடையே அமைந்த செம்மநத்தம் போன்ற ஊர்களிலும், ஏற்காட்டிலும், கிறிஸ்துமஸ் நெருங்கும் நாள்களில் மட்டும் முழு உருவம் பெறும் ஒரு மனித வகை காணப்படுகிறது. ஆண்டின் பதினொரு மாதங்கள் இவ்வகையினர் தோட்டத்து மேஸ்திரியாகவோ, பள்ளி அலுவலக எழுத்தராகவோ, மிளகு வாங்கி விற்பவராகவோ, பிறரிடமிருந்து எவ்வகையிலும் வேறுபடாமல் வாழ்ந்து முடித்துவிடுகின்றனர். காப்பிப் பழம் பறிக்கும் பருவமும் திருவருகைக் காலமும், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய ஆயத்த நாள்களும், ஒன்றாக வந்து சேர்ந்ததும் இவர்களின் சட்டைப்பையில் டெஸ்டர் எனப்படும், மின்சாரம் இருப்பதைச் சிறு நியான் விளக்கால் காட்டும் திருப்புளி குடியேறுகிறது. மணிக்கட்டில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஏறிக்கொள்கிறது. கம்பியின் மேலுறையைப் பல்லால் கடித்து உரிக்கும் பழைய வித்தை தாடைக்குத் திரும்புகிறது. அன்று முதல் ஊர் இவரைச் சீரியல் செட்காரர் என்று அழைக்கிறது. சீரியல் செட் என்பது ஒரே கம்பியில் வரிசையாகக் கோக்கப்பட்ட சிறு விளக்குகளின் சரம்.

இவ்வகையினரின் தலையாய பண்பு அலங்கார மோகம் என்று வெளியூரார் கருதுவது இயல்பே. கூர்ந்து நோக்குவோருக்குத் தெரிவது வேறு: இவர் அடிப்படையில் ஒரு சிக்கனவாதி. வாங்கிய ஒவ்வொரு சரமும் எவ்வளவு மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது என்பதைக் கேட்டவருக்கும் கேளாதவருக்கும் விளக்குவார். அந்த மிச்சத்தை வீணாக்க மனமில்லாமல் மேலும் ஒரு சரம் வாங்குவார். இவருடைய வாழ்வும் புகழும் கடனும் இந்த ஒரே தத்துவத்தின்மீது எழுந்தவை.

இவருடைய வம்சாவளி மிக நீண்டது. ஐரோப்பிய வீடுகளில் கிறிஸ்துமஸ் மரத்தில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, தீப்பிடித்தால் அணைப்பதற்குப் பக்கத்திலேயே வாளியில் தண்ணீரும் வைத்துக்கொண்டு விழா கொண்டாடிய காலத்தில், தாமஸ் எடிசனின் கூட்டாளியான எட்வர்டு ஜான்சன் 1882-ஆம் ஆண்டு நியூயார்க்கில் தம் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களில் 80 மின்விளக்குகளைப் பொருத்தினார். விளக்கு எரிந்ததே போதும் என்று அவர் அமையவில்லை; மரத்தையே மின்சாரத்தால் சுற்றவும் வைத்தார். எரிவது போதாது, சுற்றவும் வேண்டும் என்ற இந்தப் பேராவல் கடல் கடந்து, சமவெளி கடந்து, சேலத்திலிருந்து ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, செம்மநத்தத்துச் சீரியல் செட்காரர் வரை குன்றாமல் வந்து சேர்ந்துள்ளது.

மலையில் இவருக்கு முன்னோடியாக விளங்கியவர் ஜீரோ வாட் காலத்தவர். மூங்கில் பிளாச்சுகளைக் கட்டி, வண்ணத்தாள் ஒட்டிச் செய்த நட்சத்திரத்துக்குள் ஒன்றும், கூரை விளிம்பு நெடுக மற்றவையுமாக அவர் மாட்டிய ஜீரோ வாட் பல்பு, பெயரில் சுழியமாக இருந்தாலும் உண்மையில் 12 முதல் 15 வாட் வரை மின்சாரம் குடிப்பது. தனியாக எரிந்தால் பழைய சுழல்தட்டு மீட்டர் அதைக் கண்டுகொள்ளாது என்ற நம்பிக்கையில் அந்தப் பெயர் நிலைத்ததாகச் சொல்வர். இருபது பல்பு மாட்டியவரின் வீட்டில் சுழியங்களின் கூட்டுத்தொகை 300 வாட் ஆனது. மாலையில் ஐந்து மணி நேரம் வீதம் முப்பது நாள் எரித்தால் 45 யூனிட். மீட்டர் அட்டையில் அந்த எண்ணைக் கண்ட முன்னோடி, மறு ஆண்டு நட்சத்திரத்தோடு நிறுத்திக்கொள்வதாகச் சபதம் செய்து, டிசம்பர் வந்ததும் அதை மறந்தார்.

அவரைச் சபதத்திலிருந்து நிரந்தரமாக விடுவித்தது எல்.இ.டி. விளக்கு. பழைய பல்பு ஓர் இழையைத் தகிக்கவைத்து, அந்தச் சூட்டின் ஓரத்தில் கொஞ்சம் ஒளி தருவது, எல்.இ.டி. என்னும் ஒளியுமிழ் டயோடோ, குறைகடத்திப் படிகம் ஒன்றில் மின்சாரம் பாயும்போது எலக்ட்ரான்கள் இழக்கும் ஆற்றலை நேராக ஒளியாக மாற்றுவது. நிக் ஹோலோன்யாக் 1962-இல் கண்களுக்குப் புலப்படும் சிவப்பு ஒளியை இவ்வாறு பெற்றார். நீலம் மட்டும் முப்பது ஆண்டு பிடிவாதம் பிடித்து, 1990-களின் தொடக்கத்தில்தான் போதிய பிரகாசத்தோடு கைவசமானது. நீலம் வந்தபின் அதன்மேல் ஒளிரும் பூச்சு ஒன்றைத் தடவி வெள்ளையும் பெற முடிந்தது. நீலத்தைக் கைவசமாக்கியதற்காக இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகமுரா ஆகிய மூவருக்கு 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. சீரியல் செட்காரர் இந்த வரலாற்றை அறிய நேர்ந்தால் வியப்படையமாட்டார். தம் வீட்டு முகப்புக்கு நீலம் எடுப்பாக இருக்கும் என்பதை அவர் முன்பே சொல்லிவிட்டவர்.

இனி இவருடைய கணக்கு. ஒரு சரம் சுமார் 5 வாட் எடுப்பதாகக் கொண்டால், நாள்தோறும் ஐந்து மணி நேரம் எரிய, ஒரு யூனிட் மின்சாரம் நாற்பது நாள் வரும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கும் மின்வாரியம் முதலில் குறிப்பிட்ட அளவு யூனிட்டை இலவசமாகத் தருகிறது. திருவருகை தொடங்கி மூன்று ராஜாக்கள் திருநாள் வரையிலான முழுப் பருவத்துக்கும் ஒரே யூனிட் என்ற இந்த உண்மை, சிக்கனவாதியின் உள்ளத்தில் செலுத்தும் ஆதிக்கம் அளவிடற்கரியது. சேலம் கடைவீதிக்கு இரண்டு சரம் வாங்கச் சென்றவர், “அண்ணே, பத்தா எடுத்தா என்ன போட்டுத் தருவீங்க?” என்று கேட்பது பேராசையால் அன்று, தள்ளுபடியைத் தவறவிடுவது ஊதாரித்தனம் என்ற கொள்கையால். ஆங்கிலேயப் பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1865-இல் நிலக்கரியைப் பற்றி எழுதியபோது, நீராவி எந்திரம் குறைந்த கரியில் கூடுதல் வேலை செய்யத் தொடங்கியதும் நாட்டில் கரியின் செலவு குறையாமல் பெருகியதைச் சுட்டிக்காட்டினார். சிக்கனமே நுகர்வைப் பெருக்கும் இந்த நிலை இன்று ஜெவன்ஸ் முரண்பாடு எனப்படுகிறது. அதை விளக்கப் பேராசிரியர்களுக்கு வரைபடம் தேவைப்படுகிறது. செம்மநத்தத்தில் ஒரு கூரையைக் காட்டினால் போதும்.

சரம் கட்டுவதைக் காட்டிலும் பழுது பார்ப்பதில்தான் இவருடைய மேதைமை துலங்கும். நீல, வெள்ளை விளக்குகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3 வோல்ட் எடுத்துக்கொள்ள, அவை பல வரிசையில் நின்று வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட்டைப் பங்கிட்டுக்கொள்கின்றன. நடுவில் ஒன்று போனால் அது நிற்கும் வரிசை முழுவதும் இருளும். இவர் அந்த ஒன்றை வெட்டி எறிந்துவிட்டு, கம்பியின் இரு முனைகளையும் முறுக்கி, டேப் சுற்றி, ஒளி திரும்பியதும் பார்வையாளரை ஒரு சுற்று பார்ப்பார். ஒருவருக்கு வேலை போனதும் அவர் பங்குச் செலவையும் மற்ற சகோதரர்கள் சுமக்கும் கூட்டுக்குடும்பத்தைப் போல, எஞ்சிய விளக்குகள் போனதன் வோல்ட்டையும் தம் தலையில் ஏற்று, முன்னிலும் பிரகாசமாக எரிந்து, முன்னிலும் விரைவில் போகும். பழுது பார்த்தபின் வெளிச்சம் கூடியது என்பதை அவர் தம் கைராசிக்குச் சான்றாகக் காட்டுவார். அடுத்த மாதம் நேர்வதற்குச் சரம் செய்த கம்பெனியைப் பொறுப்பாக்குவார்.

சரத்தின் தலையில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டியும், அதில் ஒரு பொத்தானும் உண்டு. அழுத்த அழுத்த, அலையாக ஓடுவது, துரத்திப் பிடிப்பது, மெல்ல மங்கி மெல்ல மலர்வது, வெட்டி மின்னுவது என எட்டு வகையான ஆட்டங்கள் வரும். எட்டாவது ஆட்டம் ஆடாமல் நிலையாக எரிவது. வீட்டாரின் விருப்பம் எப்போதும் எட்டாவதே. “ஏங்க, அத நிக்க வைங்களேன், ஜெபமாலை சொல்ல முடியல, கண்ணு கூசுது” என்று மனைவி வேண்டினால், “எட்டு இருக்குது, ஒண்ண மட்டும் போட்டா ஏழுக்குக் குடுத்த காசு தண்டமா?” என்ற பதில் வரும். சிக்கனம் இங்கும் தலைகாட்டுவதைக் கவனிக்க. பங்குத்தந்தை கேரல் குழுவோடு வீட்டுக்கு வரும் இரவில் மட்டும் இவர் இறங்கிவந்து எல்லாச் சரங்களையும் நிலையாக எரியவிட ஒப்புக்கொள்கிறார். மலையில் அந்த இரவில்தான் மின்சாரம் போய் வரும். பெரும்பாலான பெட்டிகளுக்கு ஞாபகசக்தி கிடையாது. மின்சாரம் திரும்பியதும் அவை முதல் ஆட்டத்திலிருந்தே தொடங்கும். சரம் அறுபது, ஒவ்வொன்றுக்கும் அழுத்தல் ஏழு என்ற கணக்கில் 420 முறை பொத்தானை அழுத்த வேண்டியவர், இருபதாவது பெட்டியை எட்டுவதற்குள் கேரல் குழு கேக்கும் காப்பியும் முடித்து அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறது.

குடில் அமைப்பதில் இவருடைய கற்பனை இயற்கையோடு போட்டியிடுகிறது. அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் 1223-இல் கிரேச்சோ என்னும் இத்தாலிய ஊரில் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் கிறிஸ்து பிறப்பைக் காட்சியாக்கியதிலிருந்து வளர்ந்த வழக்கம் இது. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமுள்ள மலைநாட்டில் வாழும் இவர், சிமெண்டுச் சாக்குத் தாளைக் கசக்கிப் பழுப்பும் பச்சையும் பூசி ஒரு மலை செய்கிறார். வாசலில் மூடுபனி கதவைத் தட்டிக்கொண்டு நிற்க, உள்ளே மருந்துக்கடைப் பஞ்சைப் பிய்த்து ஒட்டிப் பனி செய்கிறார். அந்த மலைமீது ஐந்து சரங்கள் ஓடுகின்றன. பெத்லகேம் இடையர்கள் ஒரே ஒரு பேரொளியைக் கண்டு அஞ்சியதாக லூக்கா நற்செய்தி கூறும்; இவர் வீட்டு இடையர்களோ எட்டு வகை ஒளியையும் இரவெல்லாம் இமைக்காமல் தாங்கி நிற்கின்றனர்.

இவருக்கு உண்மையான பகை மூடுபனி ஒன்றே. காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிப்பதால், சில்வர் ஓக் மரங்களுக்கிடையே மூன்று நாள் பாடுபட்டு விளக்குகளால் எழுதிய ‘ஹேப்பி கிறிஸ்துமஸ்’, சாலையிலிருந்து பார்ப்பவருக்கு எழுத்தும் இடைவெளியும் கரைந்த ஒரு நிறப்புகையாகத் தெரிகிறது. சாலை வளைவு வரை நடந்து சென்று பார்த்துத் திரும்பும் அவர், பிழை பனியிடம் இல்லை, வெளிச்சத்தின் போதாமையிலேயே உள்ளது என்று முடிவு செய்கிறார். அறுபது சரங்களுள் கடைசிப் பன்னிரண்டு இவ்வாறு வந்தவை.

பருவம் முடிந்ததும் சரங்கள் ஓய்வதில்லை. பொங்கலுக்கு ஒருவரும், பெண்ணின் மஞ்சள் நீராட்டுக்கு இன்னொருவரும், மாரியம்மன் பண்டிகைக்கு ஊர்ப் பொதுவிலுமாக வாங்கிச் செல்ல, மதம் பாராமல் கொடுத்தனுப்புகிறார். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா வரை அவை மலை முழுவதும் உலாவருகின்றன. திரும்பி வரும்போது எண்ணிக்கை குறைந்திருக்கும். குறையை ஈடுசெய்யப் புதிது வாங்கும் வாய்ப்பு கிடைப்பதால் அவர் கடிந்துகொள்வதில்லை.

இவருடைய ஆண்டு முழுமை பெறுவது மின்வாரியக் கணக்கெடுப்பாளர் வரும் நாளில். முன்னோடியின் காலத்து மீட்டர் அட்டையைப் பீரோவிலிருந்து எடுத்துவந்து, புதிய கணக்கோடு ஒப்பிட்டுக் காட்டுவார். அறுபது சரம், தலைக்கு 5 வாட். ஆகமொத்தம் அதே 300 வாட், மாதத்துக்கு அதே 45 யூனிட். “எங்கப்பா காலத்துல இருவது பல்பு சார், இன்னைக்கு அறுவது செட்டு. யூனிட்டு அதே யூனிட்டு. எம்புட்டு மிச்சம் பாருங்க!” ஜெவன்ஸ் உயிரோடிருந்து வந்து வாதிட்டாலும் அசைக்க இயலாத இந்தக் கணக்கைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, கணக்கெடுப்பாளர் அடுத்த வீட்டுக்குப் போகிறார், அங்கே எழுபது சரத்துக்குச் சொந்தக்காரர் கையில் அட்டையோடு திண்ணையில் காத்திருக்கிறார்.