மோரிஸ் மைனருக்குக் கண்ணாடி மாட்டும் சாஸ்திரம்

உங்களிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. அதை வாங்க ஒருவர் சம்மதித்தும் விட்டார். இப்படியொரு யோகம் எல்லோருக்கும் அமையாது. அந்த மனிதர் மனம் மாறுவதற்குள் பின்வருமாறு செய்யவும்.

முதலில் பயத்தை விடுங்கள். மலேசியாவில் சொந்தக் காரை வருடா வருடம் யாரும் பரிசோதிப்பதில்லை. லாரியும் பேருந்தும் ஆறு மாதத்துக்கொரு முறை வாகனப் பரிசோதனை நிறுவனமான புஸ்பாகோம் வாசலில் வரிசை கட்டும். நீங்களோ சாலை வரியும் காப்புறுதியும் கட்டிவிட்டு, தாத்தா விட்டுப்போன மோரிஸ் மைனரை ஆயுள் முடியும்வரை ஓட்டலாம். உங்கள் ஆயுளோ அதன் ஆயுளோ, எது முந்துகிறதோ அதுவரை. 2009 அக்டோபரில், 15 வயதைத் தாண்டிய வண்டிகள் பரிசோதனையில் தேறினால்தான் சாலை வரி என்று அரசாங்கம் அறிவித்துப் பார்த்தது. ஊரே கொதித்தது. சில நாளில் திட்டம் மூட்டை கட்டப்பட்டது. இனமும் கட்சியும் மறந்து மலேசியர்கள் ஒரே குரலில் பேசிய விஷயங்களில் பழைய கார் ஒன்று. மற்றது டுரியான் விலை.

ஆனால் கிராண்டில், அதாவது காரின் பதிவுப் பத்திரத்தில், பெயர் மாற்ற வேண்டுமென்றால் பரிசோதனையிலிருந்து தப்ப முடியாது. பி-5 என்பார்கள். அங்கே முக்கியமாகப் பார்ப்பது எஞ்சின் எண், சேசிஸ் எண், கதவுக் கண்ணாடியின் கறுப்பு. முன்கதவில் பாதி வெளிச்சமாவது ஊடுருவ வேண்டும் என்பது 2019 முதல் உள்ள கணக்கு. இதெல்லாம் உங்கள் தூக்கத்தைக் கெடுக்காது. கெடுக்கப்போவது பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி. ஏனென்றால் உங்கள் கார் தொழிற்சாலையிலிருந்து வந்தபோதே உள்ளே ஒரேயொரு கண்ணாடிதான், அதுவும் முகப்பவுடர் டப்பா அளவில்.

எத்தனை கண்ணாடி வேண்டும் என்று சுங்கை வே பட்டறையில் மட்டும் கேட்டுவிடாதீர்கள். போமென், அதாவது மெக்கானிக், ஒன்று போதும் என்பார். பக்கத்தில் தே தாரிக் ஆற்றிக்கொண்டிருப்பவர் இரண்டு என்பார். யாரும் கேட்காமலே எழுந்து வரும் மூன்றாமவர், தன் மச்சான் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் இருப்பதாகச் சொல்லிவிட்டு மூன்று என்பார். நம் நாட்டில் வண்டி எப்படிக் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்று சொல்லும் அடிப்படை விதிகள் 1959-ஐச் சேர்ந்தவை. அதாவது உங்கள் காரைப் போலவே விதியும் ஒரு கிளாசிக். இரண்டையும் முழுதாகப் பிரித்துப் பார்த்தவர் அபூர்வம். இங்கிலாந்துக்காரன் இதைத் தெளிவாக முடித்துவிட்டான். 1978-க்கு முந்திய காருக்கு உள்ளேயோ வெளியேயோ ஒரு கண்ணாடி போதும். 2018-லிருந்து, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத 40 வயதுக் காருக்கு வருடாந்திரப் பரிசோதனையே கிடையாது. காரை அனுப்பிய ஊரில் அதற்கு ஓய்வூதியம். வந்து சேர்ந்த ஊரில் வாய்க்கு வாய் ஒரு சட்டம்.

ஆகவே சண்டை வேண்டாம், வெளியே ஒன்று மாட்டிவிடுங்கள். அம்கார்ப் மால் வாரக்கடைசிச் சந்தையில் குரோமில் பளபளப்பது கிடைத்தாலும் கிடைக்கும். விலை கேட்டதும் உட்கார ஓர் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். மலிவாக வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக்காரரின் பழைய புரோட்டோன் சாகாவிலிருந்து கடன் வாங்கலாம். 1985-இல் வந்த அந்த முதல் சாகாவே இன்று கிளாசிக் வயதில் நிற்கிறது, ஆகையால் மரியாதையாகக் கழற்றுங்கள். மோட்டார் சைக்கிள் கண்ணாடி மட்டும் வேண்டாம். மாட்டினால் கார் மீசை முளைத்த குழந்தை மாதிரி தெரியும்.

உங்களுடையது மோரிஸ் இல்லை, டட்சன் என்றால் கதையே வேறு. கண்ணாடி இரண்டும் முன் மட்கார்டின்மேல், சக்கரத்துக்கு நேரே முளைத்து நிற்கும். கதவில் கண்ணாடி வைக்க ஜப்பான் தன் நாட்டில் 1983-இல்தான் அனுமதி கொடுத்தது. அதுவரை அங்கே எல்லாம் முன்னால்தான். இது கேலிக்குரிய ஏற்பாடு அல்ல. முகத்தைத் திருப்பாமலே இரண்டு பக்கமும் தெரியும். நான் இதன் கட்சி. குறை ஒன்றுதான்: சரிசெய்ய இரண்டு பேர் வேண்டும். மனைவியை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, நீங்கள் வெயிலில் நின்று திருப்புவீர்கள். "இன்னும் கொஞ்சம் வெளியே… ஐயோ, அவ்வளவு இல்லைங்க… இப்போ வானம் தெரியுது." அரைமணியில் கண்ணாடி அவர் உயரத்துக்கு அப்பழுக்கில்லாமல் அமைந்துவிடும். ஓட்டப்போவது நீங்கள்.

உள்கண்ணாடியில் தொங்கும் சரக்கை இறக்கிவையுங்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் வாங்கிய மல்லிகைச் சரம், மகள் பட்டமளிப்பு விழாவில் அணிந்த தொப்பியின் குஞ்சம், பத்துமலை முருகன் படம், காலியாகிப்போன வாசனைப் புட்டி. முருகனை டேஷ்போர்டில் வைத்துக்கொள்ளலாம். அவர் முன்னால் பார்ப்பவர், பின்னால் பார்க்கும் வேலையில் அவருக்குப் பங்கு வேண்டாம். இறக்கிய பிறகுதான் தெரியும், அங்கே கண்ணாடி என்று ஒன்று இருந்ததே.

அது அதிர்கிறதா? அதிரட்டும், பெரிய பரம்பரை. 1911-இல் முதல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் ரே ஹாரூன் தன் மார்மன் வாஸ்ப் காரில் கண்ணாடி பொருத்தி ஓட்டினார். மற்றக் கார்களில் பின்னால் யார் வருகிறார் என்று சொல்ல ஒரு மெக்கானிக் கூடவே உட்கார்ந்திருப்பார். இவர் காரில் ஓர் ஆசனம்தான். மற்றவர்கள் புகார் செய்தார்கள், இவர் கண்ணாடியைக் காட்டினார், பந்தயத்தையும் வென்றார். செங்கல் பாவிய தடத்தில் அது ஆடிய ஆட்டத்தில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். பரிசோதனைக்குத் தேவை கண்ணாடி இருப்பது. தெரிவது வேறு இலாகா.

அந்த வேறு இலாகா ஃபெடரல் நெடுஞ்சாலை. சுங்கை வேயில் 1965 முதல் இயங்கும் மதுபான ஆலையைக் கடந்து (கடந்து மட்டும்), சுபாங், வால்வோ காரை 1967 முதல் பொருத்திக் கட்டிய பத்து தீகா வழியாகப் பாடாங் ஜாவா புஸ்பாகோம் மையத்துக்குப் போக வேண்டும். மோட்டார் சைக்கிளுக்குத் தனிப்பாதை இந்தச் சாலையில் 1970-களிலேயே வந்துவிட்டது. இருந்தும் கப்சாய் எனப்படும் சிறு மோட்டார் சைக்கிள்கள் இடப்பக்கம், வலப்பக்கம், இரண்டு கார்களுக்கு நடுவே என்று எங்கிருந்தும் வரும். நாட்டில் சாலையில் சாகிறவர்களில் பாதிக்குமேல் மோட்டார் சைக்கிள்காரர்கள். விதி ஒன்று போதும் என்றாலும் இந்தச் சாலைக்கு இடது கண்ணாடியும் வேண்டும்; இதில் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 'ஒரிஜினல்' கெட்டுவிடும் என்று புலம்புகிறவர், அதே காரில் புளூடூத் ரேடியோ வைத்திருப்பார்.

மையத்தில் அதிகாரியிடம் காரின் வரலாறு சொல்லத் தொடங்காதீர்கள். "ஆமாம் பாங்", "இல்லை பாங்" போதும். அவருக்குப் பின்னால் இருபது லாரி நிற்கிறது. எஞ்சின் எண் எங்கே என்று கேட்டால் உடனே காட்டத் துணியும் டார்ச்லைட்டும் கையில் இருக்கட்டும். அரைநூற்றாண்டு எண்ணெய்ப் பிசுக்கின் அடியில் அது இருக்கும்.

தேறிவிட்டால் வாங்குபவரிடம் பணம் எண்ணும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: வெளிக்கண்ணாடி விலையில் சேர்த்தி இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும்.