பைக்குப் பத்து ரூபா

வாங்க பேராண்டி, கொடைக்கானலுக்கா? முகத்தைப் பார்த்தாலே தெரியுதே. திருச்சியிலேருந்து மலைக்குக் கிளம்புற வண்டியெல்லாம் நம்ம வையம்பட்டியைத் தாண்டித்தானே போகணும். நுங்கு வெட்டுறேன், உட்காருங்க. வண்டிய மட்டும் கொஞ்சம் அமத்திடுங்க. உள்ள ஒரு ஆளு இல்ல, ஏசி யாருக்கு ஓடுது, டேஷ்போர்டுப் பிள்ளையாருக்கா?

கோவிச்சுக்காதீங்க. ரோட்டோரம் குந்தி உங்களை மாதிரி ஆளுங்களைப் பார்த்துப் பார்த்து வாய் இப்படி ஆயிருச்சு. நேத்து ஒரு பொண்ணு, பனையோலையைக் கண்டதும் 'பிளாஸ்டிக்கே இல்லையா தாத்தா, சூப்பர்!'னு நாலு பக்கமும் நின்னு போட்டோ எடுத்துச்சு. எனக்கும் கொஞ்சம் கர்வந்தான். நுங்கை ஓலையில மடிச்சுக் கட்டி நீட்டினா, 'ஒரு கவர் குடுங்களேன், சீட்டுல சொட்டும்'ங்குது. ஓலை போட்டோவுக்கு, கவர் சீட்டுக்கு.

அதுக்குப் பின்னாடி வந்தவரு, 'செக்போஸ்ட்டுல தண்ணி பாட்டிலைப் பிடிப்பாங்களா?'ன்னு காதோட கேட்டாரு. 2024 மே 7-லேருந்து மலையேற இ-பாஸ் வேணும். சின்ன பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 20 ரூபா பச்சை வரின்னும் கொடைக்கானல்ல வச்சாங்க. பாட்டில் சீட்டுக்கு அடியில போச்சு. அவரு கையில இருந்த சோப்பு டப்பாவுல மட்டும் பெரிய பச்சை இலை. விலை முந்நூறாம். அதுக்குப் பேரம் பேசாத மனுசன் என் நுங்குக்கு அஞ்சு ரூபா குறைக்கச் சொன்னாரு.

அந்த இலையை யாரு குத்தினாங்கன்னு கேட்டேன். முழிச்சாரு. திருச்சியில காலேஜ் படிக்கிற என் பேத்திதான் சொன்னா: 1991-லயே டெல்லியில 'ஈகோமார்க்'னு ஒரு முத்திரை கொண்டு வந்தாங்களாம். சோப்பு, காகிதம், பெயிண்டு இதுக்கெல்லாம் பரிசோதனை வச்சுக் குடுக்கிறது. படம் என்ன தெரியுமா? மண்பானை! நம்ம வீட்டுப் பானையைத் தூக்கிப் போட்டுட்டு பிரிட்ஜ் வாங்கின காலத்துல, அங்க அதை முத்திரையாக்கி உட்கார்ந்திருக்காங்க. 2024-ல விதியைப் புதுசாவும் எழுதியாச்சு. நீங்க எந்தக் கடையிலயாவது அந்தப் பானையைப் பார்த்திருக்கீங்களா? இலையைத்தான் பார்த்திருப்பீங்க. இலை வரைய பச்சை மசி போதுமே.

எங்க மணப்பாறை முறுக்குக்கும் 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. அதுவும் ஒரு முத்திரைதான். இருந்தாலும் முறுக்குல ஒரு சவுகரியம், கடிச்சா அசலு எது போலி எதுன்னு தெரிஞ்சுரும். ஓட்டல்ல 'இயற்கைக்கு உகந்தது'ன்னு எழுதியிருந்தா எதைக் கடிக்கிறது?

ஸ்ரீரங்கத்துல ஒரு கல்யாணத்துக்குப் போனப்ப ஓட்டல்ல ரூம் போட்டாங்க. குளியலறையில ஒரு அட்டை: பூமியைக் காக்க துண்டைத் திரும்பப் பயன்படுத்துங்கன்னு. நான் ஒரே துண்டை மூணு தலைமுறையா தோள்ல போட்டிருக்கிறவன், எனக்கே பாடம்! அட்டைக்குப் பக்கத்துலயே பிளாஸ்டிக் பாட்டில் ரெண்டு, சாஷே ஷாம்பு நாலு. இதுலயும் ஒரு வேடிக்கை இருக்கு. அமெரிக்காவுல ஒரு ஓட்டல்ல சோதிச்சுப் பார்த்து 2008-ல எழுதினாங்களாம். பூமியைக் காப்பாத்துங்கன்னு அட்டை வச்சா நூத்துக்கு 35 பேரு துண்டைத் திரும்ப உபயோகிச்சாங்க. 'இங்க தங்குற முக்கால்வாசிப் பேரு அப்படித்தான் செய்யுறாங்க'ன்னு வச்சா 44. பூமியை விடப் பக்கத்து ரூம்காரனுக்குத்தான் மனுசன் பயப்படுறான்.

மஞ்சப்பை கதையும் அதுதான். ஒரு காலத்துல அந்தப் பையோட மெட்ராஸ்ல இறங்கினா 'பட்டிக்காட்டான் வந்துட்டான்'னு சிரிப்பாங்க. கல்யாண வீட்டுல தேங்கா, வெத்தலை பாக்கு போட்டுத் தந்த பை. பொண்ணு மாப்பிள்ளை பேரு வெளுக்குற வரைக்கும் சந்தைக்குப் போகும், அப்புறம் அடுப்படியில கரித்துணி. 2019 ஜனவரி 1-லேருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்துச்சு. 2021 டிசம்பர்ல 'மீண்டும் மஞ்சப்பை'ன்னு முதலமைச்சரே தொடங்கி வச்சாரு. கோயம்பேட்டுல பத்து ரூபா போட்டா மிஷினே மஞ்சப்பையைத் துப்புச்சு. என்னைப் பார்த்துச் சிரிச்சவன் பேரனெல்லாம் அங்க காசு போட்டு வாங்கியிருப்பான். எனக்கு அது போதும்.

நல்ல மனசு உங்களுக்கு இல்லைன்னு சொல்லல பேராண்டி. இருக்கு, ஆனா லீவுல இருக்கு. அதை வேலைக்குக் கூப்பிடுற வித்தை நீலகிரியில தெரிஞ்சுச்சு. 2022-ல டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபா கூட வாங்கி, காலியைத் திருப்பினா காசைத் திருப்பினாங்க. முக்காலே மூணு வீசம் பாட்டில் கடைக்கே வந்துருச்சாம். பச்சை இலையும் இல்ல, பூமி அட்டையும் இல்ல. தள்ளாடிக்கிட்டு வந்தவன்கூட பாட்டிலை மட்டும் உடையாம பத்திரமா கொண்டாந்திருக்கான்.

இந்தாங்க நுங்கு. கவர் இல்ல. மஞ்சப்பை தர்றேன், 'செல்வி வெட்ஸ் முருகன்'னு போட்டிருக்கும், கண்டுக்காதீங்க. நுங்கு காசோட பத்து ரூபா சேர்த்து வச்சுட்டுப் போங்க. திரும்பி வரும்போது பையைக் குடுங்க, பத்து ரூபாயைத் தர்றேன். வண்டி நம்பரை இப்பவே குறிச்சுக்கிறேன்.