முன்னவர் நிந்தை: அடுப்படிச் சீரமைப்பியலில் ஒரு கருதுகோள்

அடுப்படியை இடித்துப் புதுப்பிக்க வரும் எந்த வினைஞரும், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்று சொல்லும் முதல் வாக்கியம் ஒன்றே: “யாரு சார் இந்த வேலையைப் பார்த்தது?” கோவையில் இது “யாருங்க இதைப் பண்ணுனது?” என்றும், மதுரையில் “எவன்ணே இதைப் பார்த்தது?” என்றும் வழங்கும். பாடபேதம் உண்டே தவிரப் பொருள்பேதம் இல்லை. வினா வடிவில் இருந்தாலும் இது விடை வேண்டி நிற்பதன்று. விடை சொல்ல முயன்ற வீட்டுக்காரர்களை எவரும் காதுகொடுத்துக் கேட்டதாகச் சான்றில்லை.

இந்த முன்னவர் நிந்தையை வெறும் வம்பு என்று ஒதுக்குவோர் உளர். அது பொருந்தாது. கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன், டைல்ஸ்காரர், கல் வெட்டுபவர், மாடுலர் கிச்சன் டிசைனர், சிம்னி மாட்ட வருபவர் என்று ஒருவரையொருவர் அறியாத எழுவர், கலந்து பேசாமலே ஒரே வாக்கியத்தில் வந்து நிற்கிறார்கள் என்றால், அதற்குப் பின்னே ஒரு விதி இருந்தாக வேண்டும். அவ்விதியை நிறுவுவதும், அதைக் கொண்டு ஆள் அமர்த்தும் முறை ஒன்றை வகுப்பதும் இவ்வாய்வின் நோக்கம். களம், சென்னையின் தென்பகுதியில் 1990களில் எழுந்த மூன்று மாடி அடுக்ககங்களின் அடுப்படிகள்: எட்டடிக்கு ஏழடி, கடப்பாக் கல் அலமாரி, ஒரு பரண், எக்ஸாஸ்ட் ஃபேனுக்கென்று விட்டு அட்டையால் அடைத்த ஓட்டை. பங்களாக்கள் ஆய்வெல்லைக்குள் வரா. அங்கே நிந்தை ஆர்க்கிடெக்ட் வழியாக ஆங்கிலத்தில் நிகழ்கிறது.

முன்னாய்வுகளைப் பார்த்துவிடுவோம். இத்துறையின் ஆதி ஆசிரியை ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி. 1926இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக, ரயில் உணவுப் பெட்டியின் அடுக்களையை மனத்தில் வைத்து, ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் உள்ள ஓர் அடுப்படியை வரைந்தார். எந்த வேலைக்கு எவ்வளவு நடை, எத்தனை நொடி என்று கடிகாரம் வைத்துக் கணக்கிட்டார்கள். அரிசிக்கும் சர்க்கரைக்கும் பெயர் பொறித்த அலுமினியப் பெட்டிகள், மாவில் புழு வராதிருக்க ஓக் மரப் பெட்டி, ஈ உட்காராது என்ற நம்பிக்கையில் நீல வண்ணம். இப்படி ஏறத்தாழ 10,000 அடுப்படிகள் எழுந்தன. இன்று நம் தெருமுனை ஷோரூமில் ‘மாடுலர்’ என்று விற்பவை இதன் வாரிசுகள்தாம். அதை வரையும் வரை தாம் சமைத்ததே இல்லை என்று அம்மையாரே பிற்காலத்தில் சொன்னார். குடிவந்தவர்களோ, இரண்டு பேர் சேர்ந்து நிற்க இடமில்லையே, சாப்பாட்டு மேசை நுழையவில்லையே என்று குறை சொல்லத் தொடங்கினார்கள். நாஜிகளை எதிர்த்துச் சிறை சென்று, 102 வயது வரை வாழ்ந்த ஒருவரிடம், ஊரார் கடைசிவரை கேட்டது அந்த அடுப்படியைப் பற்றித்தான். அதில் அவருக்கு எரிச்சல். ‘யார் பார்த்த வேலை’ என்ற கேள்விக்குப் பெயர் சொல்லி விடையளிக்கக்கூடிய அபூர்வமான அடுப்படி அது. பெயர் தெரிந்ததன் பலன் இவ்வளவுதான்.

1940களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தார், அடுப்பு, சிங்க், ஃப்ரிட்ஜ் மூன்றையும் இணைக்கும் முக்கோணக் கோட்பாட்டை வகுத்தனர். ஒவ்வொரு பக்கமும் நான்கடிக்குக் குறையாமல் ஒன்பதடிக்கு மிகாமல், மூன்றும் சேர்ந்து 26 அடிக்குள் அமைய வேண்டும். நம் களத்தில் இது எடுபடவில்லை. ஃப்ரிட்ஜ் ஹாலில் இருக்கிறது. கிரைண்டர் பின்பக்கப் பால்கனியில். 20 லிட்டர் தண்ணீர் கேன் அடுப்படி வாசலில், சரியாகக் கால் இடிக்கும் இடத்தில். முக்கோணம் ஐங்கோணமாகி, அதன் ஒரு முனை துணி காயப்போடும் கொடிக்கு அடியில் போய் விழுகிறது.

மூன்றாவதாக, நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன். 2011இல் வெளிவந்த தம் நூலில் அவர் ஒரு கணக்கெடுப்பைச் சுட்டுகிறார். 2002இல், அடுப்படியைப் புதுப்பித்த அமெரிக்க வீட்டுக்காரர்கள் சராசரியாக 18,658 டாலர் ஆகும் என்று எண்ணியிருந்தார்கள்; ஆனது 38,769 டாலர். திட்டம் போடுகிறவர் எவருக்கும் இயல்பாக உள்ள மிகை நம்பிக்கை இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்பது அவர் முடிவு. நம்மூர் மதிப்பீட்டுத் தாளின் அடியில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியும் ‘18 சதவீத ஜி.எஸ்.டி. தனி’ என்ற வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களைக் கண்டால் அம்முடிவை மறுக்கத் தோன்றாது. ஆனாலும் வித்தியாசமான 20,111 டாலர் முழுவதையும் மனத்தின் தலையில் கட்டுவது நியாயமாகப் படவில்லை. பேராசிரியர் ஒப்பந்தக்காரரைச் சுட்டியதோடு நின்றுவிட்டார்; பிளம்பரின் பங்கைத் தனியே கணக்கில் கொள்ளவில்லை.

இனி நம் கருதுகோள். எலக்ட்ரீஷியனுக்காவது அரசு தரும் வயர்மேன் உரிமம் என்று ஒன்று உண்டு. அதைக் காட்டச் சொல்லும் வழக்கம் நம்மிடம் இல்லை. மற்றவர்களை எப்படி அமர்த்துகிறோம்? “தெரிஞ்ச ஆளு.” மேல்மாடியில் குழாய் மாற்றியவர்; மச்சினன் வீட்டில் டைல்ஸ் ஒட்டியவர். அவரிடம் பட்டமும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. தமக்குத் தொழில் தெரியும் என்பதை நின்ற இடத்தில், தண்ணீர் குடித்து முடிப்பதற்குள், நிறுவியாக வேண்டும். புது வேலையைச் செய்து காட்ட வாரக்கணக்காகும். பழைய வேலையைக் குறை சொல்ல ஒரு பார்வை போதும். ஆகவே முன்னவர் நிந்தை என்பது வசவன்று. அவர் கையோடு கொண்டுவரும் நற்சான்றிதழ்.

சான்றிதழ் என்றால் படித்துப் பார்க்க வேண்டும் அல்லவா? இங்கேதான் வீட்டுக்காரர்கள் கோட்டை விடுகிறார்கள். “சுத்த மோசம் சார், எல்லாத்தையும் எடுத்துடலாம்” என்பது வெறும் நிந்தை. இதில் தகவல் எதுவும் இல்லை. இடிப்புக் கூலியும் ரப்பிஷ் மூட்டைகளை மூன்று மாடி இறக்கும் கூலியும் மட்டுமே உண்டு. இவரைக் காப்பி கொடுத்து அனுப்பிவிடலாம். இன்னொருவர் வருகிறார். சிங்க்குக்கு அடியில் குந்தி, செல்போன் டார்ச்சை அடித்து, வளைகுழாயை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, “வேஸ்ட் லைனுக்கு வாட்டமே கொடுக்கலை சார். ரெண்டு எல்போ எதுக்கு இங்க? அதான் அடிக்கடி அடைக்குது” என்கிறார். இது குறி நிந்தை. வாட்டம் இல்லை என்பது சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்று, அடைப்பும் உண்மை. நிந்தையில் பொருளின் பெயரும் நோயின் காரணமும் சேர்ந்து வந்தால் அவருக்கு அட்வான்ஸ் கொடுக்கலாம்.

இவ்விரண்டிலும் மேலானது மௌன நிந்தை. மரவேலை ஆசாரிகளிடம் மட்டுமே இது காணக் கிடைக்கிறது, அதுவும் வயதானவர்களிடம். பேசமாட்டார். சிங்க்குக்குக் கீழிருக்கும் பழைய ஷட்டரின் அடி விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்துவார். விரல் உள்ளே போகும். ஊறிப் பொங்கிய பார்ட்டிகிள் போர்டு தவிட்டு உருண்டையாகக் கையோடு வரும். அதை வீட்டுக்காரர் உள்ளங்கையில் வைத்துவிட்டு, “இங்க மட்டுமாவது 710 போடணும்” என்பார். ஐ.எஸ். 710 என்பது மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண். பொதுப் பயன்பாட்டு பிளைவுட்டின் எண் 303. கடையில் இரண்டையும் ‘வாட்டர் ப்ரூஃப்’ என்றே சொல்லி விற்பார்கள் என்பதால், பலகையின் மேல் அச்சான முத்திரையைப் படிக்கத் தெரிந்த ஆசாரி கிடைத்தால், அவர் சொல்லும் கூலியில் பேரம் பேசாதிருப்பது உத்தமம்.

எதிர்ச்சான்று ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் தம் கையாலேயே போட்ட இணைப்பை ஒரு பிளம்பர் நிந்தித்த நேர்வு அது. “நீங்கதானேண்ணே போட்டது” என்றார் வீட்டம்மா. “அப்பவே சொன்னேம்மா, கொத்தனார் கேக்கலை” என்றார் அவர், கண் இமைக்காமல். கருதுகோள் இதனால் சிதையவில்லை, வலுப்பெறுகிறது. நிந்தை சொன்னவர் மேல் திரும்பி விழாது. வழுக்கிக்கொண்டு, அங்கே இல்லாத அடுத்தவர் மேல் விழும்.

அங்கே இல்லாத என்பதே இங்கு உயிர்நாடி. வேலைகளின் வரிசை அதற்கென்றே அமைந்ததுபோல் வட்டமாக இருக்கிறது. மாடுலர்காரர் டைல்ஸ் ஒட்டிய பிறகே இறுதி அளவெடுப்பார். அரை அங்குலம் பிசகினாலும் பெட்டி நுழையாது. சுவருக்குள் போகும் குழாயும் வயரும் முடியாமல் டைல்ஸ்காரர் சட்டியைத் தொடமாட்டார். மைக்ரோவேவ் எங்கே, சிம்னி எங்கே என்று தெரியாமல் எலக்ட்ரீஷியன் சுவரைக் கொத்தமாட்டார். அது மாடுலர்காரரின் படத்தில் இருக்கிறது. படமோ இறுதி அளவு எடுத்த பிறகு வரும். கல் வெட்டுபவருக்கு சிங்க் நேரில் வேண்டும். அதன் பெட்டியில் ஒட்டியுள்ள அளவை அவர் நம்புவதில்லை. சிங்க்கைக் கிரானைட்டின் மேல் கவிழ்த்து, சுற்றிப் பென்சிலால் கோடு போட்டால்தான் அவருக்குத் திருப்தி. சிங்க் கடைக்காரர் மேடை அகலம் என்ன என்று கேட்பார். கல் போட்டால் சொல்லலாம். இத்தனைக்கும் நடுவில் வேலை தொடங்க நல்ல நேரம் பார்ப்பது மட்டும் சுலபம். திங்கட்கிழமை ராகு காலம் 9 மணிக்கு முடிகிறது. கொத்தனார் அதற்கு முன் வரப்போவதில்லை.

வட்டத்தை உடைக்க வழிகள் இரண்டு. ஒன்று, சிங்க், அடுப்பு, சிம்னி மூன்றையும் இடிப்பதற்கு முன்பே வாங்கி ஹாலில் அடுக்கிவிடுவது. டி.வி. மறைக்கும், பொறுக்க வேண்டும். மற்றது, எழுவரையும் ஒரே நாளில் ஒரே நேரத்தில் எட்டடிக்கு ஏழடிக்குள் நிறுத்துவது. அப்போது நிகழ்வது ஆய்வாளருக்கே வியப்பு. முன்னவர் என்று எவரும் இல்லாமல் போவதால் நிந்தை அடியோடு நின்றுவிடுகிறது. எல்லாரும் எல்லாருக்கும் ‘அண்ணே’. “நீங்க லைனை ஆறு இன்ச் தள்ளிக் கொடுத்துட்டா எனக்கு டிராயர் ஃப்ரீயா வரும்ணே.” “தாராளமா பண்ணிடலாம்ணே.” வாரக்கணக்கில் தீராத வழக்கு டீ ஆறுவதற்குள் தீர்கிறது. அந்த எழுவரை ஒரே நாளில் வரவழைப்பது எப்படி என்பது இத்துறையில் இன்றளவும் விடை காணாத வினா.

டிசைனரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இவர் நிந்தையை லேப்டாப்பில் நிகழ்த்துகிறார். முப்பரிமாணப் படத்தில் மேடைமேல் ஒரு கண்ணாடிக் கிண்ணம். அதில் பச்சை ஆப்பிள்கள். மேலே தலைகீழாகத் தொங்கும் ஒயின் கோப்பைகள். பக்கத்து ஃபிளாட்டின் கழிவுக் குழாயைப் பார்த்திருக்கும் சன்னலில் மலையும் மேகமும். எது இல்லை என்றால், 14.2 கிலோ சிலிண்டர் இல்லை, இட்லிக் குண்டான் இல்லை, மிக்சி ஜார்கள் இல்லை, முறம் இல்லை, சாமி படம் இல்லை. கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பொருள். டிசைனரின் மென்பொருளில் அதற்கு ஓர் இருக்கை பெற்றுத்தர அந்தக் குறியீட்டாலும் முடியவில்லை.

“கிரைண்டர் எங்க வைக்கிறது?” என்று தலைவி கேட்கிறார். டிசைனர் தலைவனைப் பார்த்து, “டால் யூனிட்டுக்குள்ள வெச்சுக்கலாம் சார்” என்கிறார். கேள்விகள் எல்லாம் மேடத்திடமிருந்து வருவதும், விடைகள் எல்லாம் சாருக்குப் போவதும், சாருக்கு உப்பு ஜாடி எந்தத் தட்டில் இருக்கிறது என்பதே தெரியாதிருப்பதும் களமெங்கும் மாறாத நிலை. மேடை உயரத்தைக் கேட்டால் “ஸ்டாண்டர்ட் சார்” என்ற விடை கிடைக்கும். அமெரிக்காவில் அது 36 அங்குலம். நம்மூரில் பெரும்பாலும் 32 முதல் 34. நிற்பவரின் மடக்கிய முழங்கைக்கு நான்கு முதல் ஆறு அங்குலம் கீழே மேடை இருந்தால் தோள் வலிக்காது. லேசர் கருவியால் சுவரின் நான்கு மூலைகளையும் அளக்கிறார்கள். சமைக்கப் போகிறவரின் முழங்கைப் பக்கம் டேப் திரும்புவதில்லை.

பணத்தின் பாங்கு எளிது. பாதி முன்பணம், சரக்கு இறங்கும் நாளில் 40 சதவீதம், வேலை முடிந்தபின் 10 சதவீதம் என்பது பரவலான வழக்கம். இந்தக் கடைசிப் பத்துதான் வீட்டாரிடம் மிஞ்சும் ஒரே ஆயுதம். ஒரு ஷட்டருக்குக் கைப்பிடி வராமலே நிற்கும், “ஸ்டாக் வரணும் சார்.” அந்தத் தொகையைத் தலைவனிடம் விடக்கூடாது. மூன்று மாடி ஏறி வந்தவர் முகத்தில் வியர்வையைப் பார்த்ததும் அவர் இரக்கப்பட்டுக் கொடுத்துவிடுவார். மீதி பாக்கி தலைவியின் செல்போனிலிருந்து மட்டுமே ஜிபே ஆகும் என்று அறிவித்துவிட வேண்டும். அறிவித்த மறுநாள் காலை அழைப்பு வருகிறது, அதுவும் நேராக அவருடைய எண்ணுக்கே: “மேடம், கிரைண்டருக்கு எவ்வளவு உயரம் வேணும்னு சொன்னீங்க?”