இருபத்திரண்டாம் மாடி இத்தாலிக்காரர்

கல்யாண வீட்டில் எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கும் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவர்தான் இவர். பிரியாணி வருவதற்குள் பக்கத்து நாற்காலியைக் கவிழ்த்து அடிக்கட்டையைத் தட்டிப் பார்த்திருப்பார். "பிளைவுட்" என்று உதட்டைப் பிதுக்குவார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. பள்ளிவாசல் சந்தா நோட்டைப் புரட்டினால் கிடைக்கும். மற்றபடி வீரசோழனிலிருந்து அபிராமம் வரைக்கும் 'இத்தாலிக்காரர்' என்றால்தான் தெரியும். இத்தாலிக்கு அவர் போனதில்லை.

இவர் ஒருவர்தான் என்று நினைத்துவிடக் கூடாது. திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் ஊருக்கு இரண்டு பேராவது தேறுவார்கள். வானம் பார்த்த பூமி. கம்மாய்க்குள் தண்ணீருக்குப் பதில் சீமைக்கருவேலம். வெட்டிக் கரிமூட்டம் போடலாம், ஆடு வளர்க்கலாம், இல்லையென்றால் விமானம் ஏறலாம். நம்மவர் ஏறினார். 2010-ல் துபாய் புர்ஜ் கலீஃபாவுக்குள் இத்தாலிய நிறுவனமான அர்மானியின் ஓட்டல் திறந்தபோது அவர் அந்த ஊரில்தான் இருந்தார். நாலு தெரு தள்ளி, வேறொரு கட்டடத்துக்கு ஜிப்சம் போர்டு ஏற்றிக்கொண்டிருந்தார். இருந்தாலும், "அர்மானி வேலை நடந்தப்ப நான் அங்கதான் இருந்தேன்" என்று அவர் சொல்வதில் பொய் எதுவும் இல்லை.

திரும்பி வந்து சென்னையில் சொந்தமாகக் காண்டிராக்ட் எடுத்தார், காசு சேர்ந்தது. மும்பை லோயர் பரேலில் ஸ்ரீநிவாஸ் மில் இருந்த நிலத்தில் லோதா நிறுவனம் வேர்ல்ட் ஒன் கோபுரத்தை எழுப்பி, உள் அலங்காரத்தை அர்மானியின் காசா பிரிவிடம் கொடுத்த கதை அவருக்கு மனப்பாடம். சென்னை பெரம்பூரிலும் பின்னி மில் நிலத்தில் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. மில்லை மூடினால் மாடி முளைக்கும் என்பது அவர் கண்டுபிடித்த பொருளாதாரம். அருப்புக்கோட்டை நூல் மில்களைக் கடந்து போகும்போதெல்லாம் ஒரு முறை அண்ணாந்து பார்த்துக்கொள்வார்.

ஓ.எம்.ஆரில் இருபத்திரண்டாம் மாடியில் வீடு வாங்கியதும் தொடங்கியது தங்கப் பருவம். ஷோரூமில் 'கிளாசிக் இத்தாலியன்' என்று எழுதியிருந்தால் சிங்கக்கால் இருக்கும், முதுகில் பொத்தான் குழிகள் இருக்கும், ஓரமெல்லாம் தங்க முலாம் இருக்கும். அவற்றில் பல, கடலையே பார்க்காதவை. உத்தரப் பிரதேசத்துச் சஹாரன்பூரில் செதுக்கி, டெல்லி கீர்த்தி நகரில் மெத்தை தைத்து, லாரி ஏறி வந்தவை. சஹாரன்பூர்க் கைவேலை பேர்பெற்றது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை லிஃப்டில் இருந்தது. மூன்று பேர் உட்காரும் சோபா அதற்குள் படுக்கவும் மாட்டேன் என்றது, நிற்கவும் மாட்டேன் என்றது. லோடுமேன்கள் நாலு பேர் படி வழியாகத் தூக்கினார்கள். பன்னிரண்டாம் மாடித் திருப்பத்தில் சிங்கத்தின் ஒரு கால் கைப்பிடியில் மாட்டிக்கொண்டது. அப்படியே இறக்கி வைத்து, அதிலேயே உட்கார்ந்து டீ குடித்தார்கள். அந்தச் சோபாவில் நிம்மதியாக உட்கார்ந்தவர்கள் இன்றுவரை அவர்கள் மட்டுமே. மேலே போனபின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க அவர் யாரையும் விடவில்லை.

தங்கப் பருவத்தை முடித்து வைத்தவள் ஆர்க்கிடெக்சர் படிக்கும் மகள். "அத்தா, இது இத்தாலியன் இல்ல. பழைய ஜெமினி படத்து அரண்மனை செட்டு" என்று சொல்லி லேப்டாப்பைத் திறந்தாள்.

இத்தாலியில் கிளாசிக் என்று கொண்டாடப்படும் சாமான்களைப் பார்த்து அவர் ஆடிப்போனார். எதிலும் தங்கம் இல்லை. மிலான் நகரத்துப் பிரெல்லி கோபுரத்தைக் கட்டிய ஜியோ போன்டி, கியாவரி என்ற கடற்கரை ஊரின் சாதாரண நாற்காலியை இழைத்து இழைத்து 1957-ல் ஒரு நாற்காலி செய்தார். சூப்பர்லெஜேரா என்று பெயர், எடை 1.7 கிலோ. விளம்பரத்தில் ஒரு பையன் அதை ஒற்றை விரலால் தூக்கிக்கொண்டு நிற்பான். "ரெண்டு கிலோகூட இல்ல, இதுக்கா இந்த விலை?" என்றார் நம்மவர். ஆட்டுச் சந்தை ஊரில் பிறந்தவருக்கு எடைதான் கணக்கு.

அதனால் ஆர்கோ விளக்கைத் தேர்ந்தெடுத்தார். காஸ்டிலியோனி சகோதரர்கள் 1962-ல் ஃப்ளோஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்தது. கூரையில் துளை போடாமலே சாப்பாட்டு மேசைக்கு மேல் வெளிச்சம் வர வேண்டும் என்பதற்காக, எஃகுத் தண்டு வளைந்து இரண்டு மீட்டர் தள்ளிப் போய் விளக்கைத் தொங்கவிடும். அது சாயாமலிருக்க அடியில் 65 கிலோ கராரா சலவைக்கல். 65 கிலோ என்றதும்தான் அவருக்கு மனசு குளிர்ந்தது. வெளிநாட்டுச் சாமான் என்றால் அவருக்கு அவ்வளவு உயிர். 2020 பட்ஜெட்டில் அறைகலன் இறக்குமதி வரி 20-லிருந்து 25 சதவீதமானபோது, மழை பொய்த்த வருசத்துச் சம்சாரியைப் போல் அவர் இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறார்.

ஆர்கோவின் அந்தக் கல்லில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஒரு துளை உண்டு. "சிற்பியோட கையெழுத்து" என்று விருந்தாளிகளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் விளக்கை ஜன்னல் பக்கம் நகர்த்த வேண்டி வந்தது. வந்த லோடுமேன்கள் இரண்டு பேரில் ஒருவர் துளையை ஒரு பார்வை பார்த்தார். "அக்கா, வீட்ல தொடப்பக்கட்ட இருக்கா, நீளமா?" கட்டையைத் துளைக்குள் நுழைத்து ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி வைத்துவிட்டுப் போனார்கள். காஸ்டிலியோனி சகோதரர்கள் அந்தத் துளையைப் போட்டதே துடைப்பக்கட்டையை நுழைத்து இரண்டு பேர் தூக்குவதற்காகத்தான். அந்த லோடுமேன் எந்தக் கல்லூரியிலும் இதைப் படித்தவரில்லை.

ஊரிலிருந்து அவருடைய அம்மா வந்தால் வீட்டுக்குள் ஊரடங்கு. சமையல் மேடை முழுக்க இத்தாலிச் சலவைக்கல். கால்சியம் கார்பனேட் என்பதால் புளியோ எலுமிச்சையோ தயிரோ பட்ட இடத்தில் பளபளப்பு போய்த் தழும்பு விழும். புளி இல்லாமல் குழம்பு வைக்கத் தெரியாத மாமியாருக்கு மருமகள் முறத்தளவு பலகை ஒன்றைக் கொடுத்து, "இதுக்குள்ளயே வச்சுக்கங்க மாமி" என்றாள். ஷோகேசில் மூன்று நெடுங்காலில் ஒரு உலோகச் சாமான் நிற்கிறது. ஃபிலிப் ஸ்டார்க் என்ற பிரெஞ்சுக்காரர் இத்தாலியின் அலெஸ்ஸி நிறுவனத்துக்காக 1990-ல் செய்த எலுமிச்சை பிழியும் கருவி. தங்க முலாம் பூசிய பதிப்பு வந்தபோது, அதில் எலுமிச்சை பிழிய வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். பிழிந்தால் முலாம் கெட்டுவிடுமாம். அம்மா அதைப் பார்த்தபடியே ரெண்டு விரலால் பழத்தைப் பிழிந்து சர்பத் போட்டு முடித்தார்.

இந்த மோகம் நம் பக்கத்துக்குப் புதிதொன்றுமில்லை. நூறு வருசத்துக்கு முன்பே செட்டிநாட்டு வீடுகளுக்கு இத்தாலிச் சலவைக்கல்லும் பர்மாத் தேக்கும் பெல்ஜியம் கண்ணாடியும் கப்பலில் வந்து இறங்கின. இடித்த வீடுகளின் தூணும் கதவும் இன்று காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. நம்மவர் அங்கேயும் போய் ஒரு தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

கடைசியாக வந்தது மெஸ்ஸாத்ரோ. அதே காஸ்டிலியோனிகள் 1957-ல் டிராக்டர் சீட்டைக் கழற்றி, வளைந்த எஃகுப் பட்டையில் பொருத்தி, கீழே ஒரு மரக்கட்டை வைத்து ஸ்டூலாக்கியது. பின்னாளில் சனோட்டா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்போது நம்மவருடைய அத்தா ஊரிலிருந்து வந்திருந்தார். ஹாலில் ஆரஞ்சு நிறத்தில் நின்றதைக் குனிந்து பார்த்தார். சீட்டின் ஓட்டைகளை விரலால் தடவினார்.

"ஏப்பா, இது டிராக்டர் சீட்டுல்ல?"

"ஆமாத்தா. இத்தாலி."

"வண்டி எப்ப வருது?"

விலையைச் சொன்னதும் பெரியவர் உட்கார்ந்துவிட்டார். அதன்மேல்தான். கால் மணி நேரம் இப்படியும் அப்படியும் அசைந்து பார்த்தார். பின்பு மெதுவாக, ஆட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் பழைய டிராக்டரின் சீட்டு ஒன்று கிடப்பதாகச் சொன்னார். மகன் நிமிர்ந்தார். இதற்கு ஜோடியாக அதையும் பெயின்ட் அடித்து வைத்தால் எப்படி இருக்கும் என்று கண்ணாலேயே அளந்தார். "அத்தா, அத எனக்குக் குடுத்துருங்க."

பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மகன் கைமேல் போட்டார், ஆட்டுச் சந்தைத் தரகர்கள் விரல் பிடித்து விலை பேசப் போடுவதுபோலவே. துண்டுக்கடியில் மகன் அவருடைய ஒற்றை விரலைப் பிடித்தார். பெரியவர் விரலை உருவிக்கொண்டார்.

"அது இரும்புக் கடை விலை. இத்தாலி விலைக்கு வா."