மூக்கின் தீர்ப்பு

“உங்க ஊரு மீனு எங்களுக்கு ஒத்துக்கல” என்று லாஸ்பேட்டை மச்சான் போனில் சொன்னதிலிருந்து எனக்கு எதுவுமே ஒத்துக்கொள்ளவில்லை. தேர் முடிந்து உறவெல்லாம் இப்போதுதான் கிளம்பிப் போனது. வீடு இன்னும் கழுவி முடியவில்லை, மிக்ஸி ஜாரில்கூட மீன் வாடை. அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டது. முகமெல்லாம் சிவந்து, தலை வலித்து, உடம்பு அரித்ததாம். சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் மறுபடி மறுபடி குழம்பு கேட்டு ஊற்றிக்கொண்டபோது ஒத்துக்கொண்ட ஊர், அன்று ராத்திரி அவர் வீட்டில், அவர் கையால் வாங்கிப்போன மீனைச் சமைத்துச் சாப்பிட்டபோது ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டது.

இதற்கு முறையாகப் பதில் எழுதுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். விருந்துக்கு வாங்கும் மீனையும் மீந்த குழம்பையும் எங்கே, எப்படி, எத்தனை மணி நேரம் வைக்கலாம் என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடப் போகிறேன். அதற்கு முன் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

ஆடி ஐந்தாம் வெள்ளி என்றால் வீராம்பட்டினத்தில் செங்கழுநீர் அம்மன் தேர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடித்த வழக்கம் இன்றும் விடவில்லை. துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வந்து இழுப்பார்கள். அவர்கள் இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள். என் வீட்டுக்கு வருகிறவர்கள் போகமாட்டார்கள். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது, கேவுரு கூழோடு சரி. அதனால் தேர் பார்க்க வந்த அத்தனை பேரும் சனிக்கிழமை மீனுக்காக ராத்தங்கிவிடுகிறார்கள். அம்மனைக் கும்பிட்ட கையோடு கேட்கிற முதல் கேள்வி, “காலையில போட்டு எத்தனை மணிக்குக் கரைக்கு வரும்?”

சனிக்கிழமை விடிந்ததும் கடற்கரைக்கு ஒரு பரிசோதனைக் குழு கிளம்பியது. தலைமை மச்சான். செவுளைத் தூக்கிப் பார்க்கிறார், கண் உள்ளே போயிருக்கிறதா என்று குனிகிறார், வயிற்றை அமுக்குகிறார், வாலைப் பிடித்துத் தூக்கி விறைப்பாக நிற்கிறதா என்று ஆராய்கிறார். வருஷத்துக்கு ஒருமுறை கடற்கரைக்கு வருகிறவர். மீன் விற்கிற அம்மா ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “வாங்குனா வாங்கு சார், செவுளப் பிச்சிடாத. உனக்குப் பின்னாடி வர்றவங்களுக்கும் நான் அதைத்தான் காட்டணும்” என்றார்.

அடுத்தது ஈ. 2018-ல் கேரளத்தில் ‘சாகர் ராணி’ என்று பெயர் வைத்துச் சோதனை நடத்தி ஃபார்மலின் கலந்த மீனை வண்டி வண்டியாகப் பிடித்தார்களே, அதிலிருந்து நம் ஆட்களுக்கு ஈதான் உணவு ஆய்வாளர். ஈ மொய்த்தால் நல்ல மீன், மொய்க்காவிட்டால் மருந்து அடித்த மீன். கொச்சியில் இருக்கிற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதற்காகவே ஒரு காகிதப் பட்டை கண்டுபிடித்திருக்கிறது. மீன்மேல் தேய்த்து ஒரு சொட்டு மருந்து விட்டால் நிறம் காட்டிவிடும். அதெல்லாம் யாருக்கு வேண்டும்? போன தலைமுறை ஈ உட்கார்ந்த மீனை வேண்டாம் என்றது. இந்தத் தலைமுறை ஈ உட்காரவில்லையே என்று கவலைப்பட்டு நிற்கிறது.

கடைசியாக, “ஐஸ் மீனா?” என்ற கேள்வி. ‘திருட்டு மீனா?’ என்பதுபோலக் கேட்கிறார்கள். ஐஸ் பட்டால் பழைய மீன், வெயிலில் கிடந்தால் புது மீன். நம்ம வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் போட வேண்டும் என்று மீன்வளக்காரர்கள் காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். போட்டால் விற்காது என்பது கரையில் உட்கார்ந்திருக்கிறவருக்குத் தெரியும். அதனால் இருக்கிற ஐஸையும் கழுவிவிட்டு, மீனைத் தார்ப்பாயில் வெயில் பார்க்கப் பரப்பி வைக்கிறார்கள். வாங்குகிறவரின் ஆசைக்காக மீனை விற்பதற்கு முன்பே கொஞ்சம் கெடுத்துத் தருகிற ஏற்பாடு இது. இதற்கு விலையும் கூட.

இவ்வளவு உஷார் பேர்வழிகள் முதல்நாள் தேரில் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். மச்சானின் பேரன் பஞ்சு மிட்டாய்க்காரனைக் காட்டி அழுதான். 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி சாயம் இருந்ததைக் கண்டுபிடித்து முதலில் தடை போட்டது நம் புதுச்சேரிதான். தமிழ்நாடு அதற்குப் பிறகுதான் போட்டது. துணிக்குப் போடுகிற சாயம், குடலுக்கு ஆகாது என்று அந்த மூன்று வயசுப் பிள்ளைக்கு மச்சான் நின்று நிதானமாக விளக்கினார். விளக்கும்போது கையில் பஜ்ஜி. பஜ்ஜியின் எண்ணெயைச் செய்தித்தாளில் ஒற்றி ஒற்றி, அச்சு மையெல்லாம் பஜ்ஜியில் ஏறியபிறகு வாயில் போட்டுக்கொண்டார். செய்தித்தாளில் உணவு கட்டாதீர்கள் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2016-லேயே சொன்னது. அவர் பேப்பர் படிக்கிறவர் இல்லை போலிருக்கிறது.

காசு கைமாறுகிறவரைக்கும்தான் நமக்குச் சந்தேகம். மீன் நம் பைக்குள் விழுந்துவிட்டால் அதற்குப்பின் அது கெட வாய்ப்பே இல்லை. நம் வீட்டு அடுப்பில் கிருமி ஏறுமா? அப்படி யாராவது சந்தேகப்பட்டால், அதைத் தீர்த்துவைக்க மூக்கு இருக்கிறது.

இந்த மூக்கைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். எங்கள் வீட்டில் சட்டியில் இருப்பது நல்லதா கெட்டதா என்பது முதலில் என் மனைவியின் மூக்குக்கு முன் வருகிறது. அவள் மூடியைத் திறப்பாள், மூக்கைக் கிட்டக் கொண்டுபோவாள், ஒன்றும் சொல்லாமல் சட்டியை என் பக்கம் தள்ளுவாள். சந்தேகம் இல்லையென்றால் ஏன் தள்ளப்போகிறாள்? ஆனால் “கெட்டுப்போச்சு” என்று அவள் வாயால் சொல்லமாட்டாள், சமைத்தது அவள். நானும் சொல்ல முடியாது, சமைத்தது அவள். “பாத்திர வாடையா இருக்கும்” என்பேன். இது எங்கள் வீட்டில் பழைய சட்டம்: எந்த நாற்றமும் அந்தப் பண்டத்தினுடையது அல்ல. பாத்திர வாடை, ஃபிரிட்ஜ் வாடை, பக்கத்தில் இருந்த வெங்காய வாடை, மழை வாடை. போன சனிக்கிழமை சாயங்காலம் ஒருவர், “சாக்கடை வாடை உள்ள வருது, சன்னலைச் சாத்து” என்றார். சாத்தினோம். வாடை எங்களோடு உள்ளேயே இருந்தது.

மனைவிக்கும் எனக்கும் முடிவாகவில்லை என்றால் முழு அமர்வுக்குப் போகும். சட்டி கை மாறிக் கை மாறிக் கூடத்தைச் சுற்றிவரும். சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு மோப்பார். பெரியம்மா மோந்துவிட்டு அபிப்பிராயம் சொல்லாமல் மூக்கைத் துடைத்துக்கொள்வார். கொரோனாவில் வாசனை போய், இன்றுவரை ஊதுபத்திக்கும் ஊறுகாய்க்கும் வித்தியாசம் தெரியாத ஒரு மாமா இருக்கிறார். அவரும் மோப்பார். மோந்துவிட்டு, “ஒண்ணுமே தெரியலையே” என்பார். இதை நல்லது என்ற கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். சின்னப் பையன்கள் “உவ்வே” என்றால் செல்லாது, அவர்களுக்கு வயசு போதாது.

அதிலும் தீராவிட்டால் மேல்முறையீடு. புதுச்சேரி வழக்குகள் மேல்முறையீட்டுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் போகும். எங்கள் வீட்டுக் குழம்பு அரியாங்குப்பம் போகும். அத்தை அங்கே இருக்கிறார். முட்டி வலியால் இந்த வருஷம் தேருக்கு வரவில்லை. தூக்கில் கொஞ்சம் குழம்பு ஊற்றி, ஸ்கூட்டரில் ஒரு பையனை ஏற்றி அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் அத்தை திண்ணையில் உட்கார்ந்தபடியே தெருமுனையில் வருகிற கூடையில் என்ன மீன் என்று சொல்வார் என்பார்கள். நான் கேட்டதில்லை, ஆனால் குடும்பத்தில் இதை மறுத்துப் பேசியவர் யாரும் நிம்மதியாக இருந்ததில்லை. அத்தை மோந்து பார்த்துவிட்டு, “கொதிக்க வெச்சா சரியாப்பூடும்” என்று சொல்லியனுப்பினார். எப்போதும் இதே தீர்ப்புதான். எனக்குத் தெரிந்து அத்தை ஒரு குழம்பையும் தூக்கில் போட்டதில்லை.

எங்கள் பக்கத்து மூக்குகளுக்கு இந்தக் கர்வம் புதிதில்லை. இங்கிருந்து எட்டிப்பார்த்தால் அரிக்கமேடு. 1945-ல் வீலர் துரை தோண்டியபோது மத்தியதரைக் கடல் பக்கத்து ஆம்போரா ஜாடிகள் உடைந்து உடைந்து கிடைத்தன. திராட்சை மதுவும் ஆலிவ் எண்ணெயும் வந்த ஜாடிகளோடு ‘கேரம்’ வந்த ஜாடிகளும் உண்டு என்கிறார்கள். கேரம் என்றால் மீன் குடலையும் உப்பையும் வெயிலில் மாசக்கணக்கில் ஊறவைத்து எடுக்கிற ரோமாபுரிச் சாறு. ஈராயிரம் வருஷத்துக்கு முன் அந்த மூடியைத் திறந்தபோது கரையில் நின்ற நம் பாட்டனார் ஒருவர் மூக்கை நீட்டியிருப்பார். கப்பல்காரன் எதிரில் நிற்கிறானே என்று, “ஜாடி வாடையா இருக்கும்” என்றும் சொல்லியிருப்பார்.

மூக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. மோசமானவை பல மணக்கவே மணக்காது. சூரை, காணாங்கத்தை, கவலை இந்த மீன்களின் சதையில் இருக்கிற ஒரு சத்தை, ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடக்கும்போது பாக்டீரியா ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அப்புறம் வறுத்தாலும் கொதிக்க வைத்தாலும் அது போகாது. வாடையும் வராமல் இருக்கலாம். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடம்பு அரிக்கும். மச்சான் சூரைதான் வாங்கினார், இரண்டு கிலோ. விற்ற அம்மாவே ஒரு கை ஐஸ் அள்ளிப் போட வந்தார். “ஐயோ, ஐஸ் வேணாம், ருசி போயிடும்” என்று தடுத்துவிட்டு, பிளாஸ்டிக் பையை ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டினார். எங்கள் வீட்டில் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, கோயிலுக்கு இன்னொருமுறை போய், பேரனுக்குக் கடல் காட்டி, சாயங்காலம்தான் லாஸ்பேட்டைக்குக் கிளம்பினார். அந்தப் பை அவ்வளவு நேரமும் வண்டியிலேயே தொங்கியது. வைத்தியர் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை என் கட்சி இதுதான். நிச்சயம் வீட்டில் அதையும் மோந்து பார்த்திருப்பார்கள், நல்லாத்தான் இருந்திருக்கும்.

குழம்பில் புளி இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்பார்கள். புளிக்குக் கிருமியை அடக்குகிற கெட்டிக்காரத்தனம் கொஞ்சம் உண்டுதான். சோற்றுக்கு என்ன சொல்வீர்கள்? அண்டாவில் மீந்த சோற்றில் பாசில்லஸ் சீரியஸ் என்ற ஒன்று வளரும். அதன் வித்து வேகவைத்தாலும் சாகாது, அது கக்குகிற ஒரு நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. கொதிக்க வைத்தால் சரியாகும் என்ற அரியாங்குப்பத்துத் தீர்ப்பு இங்கே செல்லாது. இதைச் சொன்னதற்கு, “நெட்ல படிச்சியா?” என்று சித்தப்பா கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்று, சிரிக்கிற விஷயமில்லை. எல்லா மூக்கிலும் தோற்ற குழம்பைக் கொட்டுவார்கள் என்றா நினைக்கிறீர்கள்? வேலைக்கு வருகிற அம்மாவைக் கூப்பிட்டு, “நல்லாத்தான் இருக்கு, எடுத்துட்டுப் போறியா?” என்று கேட்பார்கள். நான் பிடுங்கிக் கொட்டினேன். விருந்து நாளில் அன்னத்தைக் கொட்டிய பாவி என்று பெயர் வாங்கினேன்.

என் பக்கம் பேச ஒரே ஒருவர்தான், சொல்தா மாமா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், ஆடிக்கு ஆடி பிரான்சிலிருந்து வருவார். அங்கே டப்பாவில் போடுகிற தேதியில் இரண்டு ஜாதி: ஒன்று தாண்டினால் ஆபத்து, இன்னொன்று தாண்டினால் ருசிதான் குறையும். இதை மாமா வருஷாவருஷம் விளக்குகிறார். அமெரிக்காவிலோ நவம்பர் விருந்து வான்கோழிக்கென்று ஒரு கம்பெனி 1981-லிருந்தே போன் வைத்திருக்கிறது, அரசாங்கமும் 1985-ல் இறைச்சிக்கென்று தனி போன் வைத்தது. கறி உள்ளே 74 டிகிரி ஏறியதா, மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்தாயா என்று கேட்பார்கள் என்றார் மாமா. “இங்க முதல் பந்தி எழுந்திரிக்கவே ரெண்டு மணி நேரம் ஆவும்” என்று யாரோ சொல்ல, கூடமே சிரித்தது. அப்புறம் மாமா பையிலிருந்து முள் வைத்த ஒரு தெர்மாமீட்டரை எடுத்துக் குழம்பில் குத்தினார். பெரியம்மா எட்டிப் பார்த்து, “குழம்புக்கே காய்ச்சலா?” என்றார். மாமாவின் நவீன விஞ்ஞானம் அத்தோடு முடிந்தது. ஃபிரிட்ஜில் வைக்கலாம் என்று நான் சட்டியைத் தூக்கினால் அங்கே இடமில்லை: மாவு, தேருக்கு வாங்கிய மல்லிப்பூ, யாருடையதோ கண் சொட்டு மருந்து, வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கும் ஒரு ஜாம் பாட்டில். அந்த ஜாமை எடுத்து வெளியே வைத்ததற்கு, “கெட்டுப்போயிடும், உள்ள வை” என்றாள் என் மனைவி.

குழம்பும் போய், தூக்கும் போனதுதான் மிச்சம். போகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் பாத்திரங்கள், கல்யாணத்தில் பெயர் வெட்டி வாங்கியவை. பாத்திரம் ஒரு வீட்டில், மூடி ஒரு வீட்டில். முத்தியால்பேட்டையிலிருந்து நேற்று ஒரு மூடியை மட்டும் கொடுத்தனுப்பினார்கள். அதில் வேறு யார் பெயரோ வெட்டியிருக்கிறது. எங்கள் சட்டி எதற்கும் பொருந்தவில்லை.