நான் ஹாக்கி பார்க்கப் போன கதை

உத்தியோக நிமித்தமாகப் பிரேஸில் தேசத்துச் சாவோ பாவ்லோ நகரில் சில ஆண்டுகள் வாசம் செய்ய நேர்ந்த காலத்தில், எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருந்தவரும், அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் பூகோளம் போதித்து ஓய்வு பெற்றவரும், 63 பிராயம் நிரம்பியவருமான ஓர் அம்மையார், ஒருநாள் லிஃப்டில் என்னை மேலும் கீழும் நோக்கி, "மகனே, உனக்கு ஹொக்கி பிடிக்குமா?" என்று வினவினார். அந்த விளையாட்டில் எட்டு ஒலிம்பிக் தங்கப் பதக்கங்களை ஈட்டிய தேசத்திலிருந்து வந்தவன் என்ற அபிமானம் நெஞ்சில் கிளர்ந்தெழ, ஜென்மத்தில் ஹாக்கி மட்டையைக் கையால் தொட்டறியாதவனாகிய நான், சிறிதும் கூச்சமின்றி, "ஹாக்கி என்றால் எனக்கு உயிர்" என்று பதில் சொன்னேன். அம்மையாருக்கு உண்டான ஆனந்தம் சொல்லி முடியாது. "பார்த்தால் அப்படித் தெரியவில்லையே!" என்று என் கையைப் பற்றிக் குலுக்கினார். அது என் தொந்தியைக் குறித்த விமரிசனம் என்று எடுத்துக்கொண்டு, வயிற்றைச் சற்று உள்ளே இழுத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமையன்று, "முதலில் உனக்கு ஒரு கறுப்புச் சட்டை வேண்டும்" என்று அவர் என்னை நகரின் பழைய மையப் பகுதிக்கு அழைத்துச் சென்றபோதும் எனக்குச் சந்தேகம் எழவில்லை. விளையாட்டு என்று இருந்தால் அணி என்று ஒன்று இருக்கும்; அணி இருந்தால் சீருடை இருக்கும். ஆனால் 1963 ஆம் ஆண்டில் கட்டப்பட்டதும், முகப்பு முழுவதும் அலையலையாக வளைந்து நிற்பதுமான அந்தக் கடைக்கட்டடத்தினுள் பிரவேசித்து, பார்த்த திசையெல்லாம் மண்டையோடுகளும், எலும்புக் கைகளும், நெருப்பு உமிழும் ஆட்டுத் தலைகளும் அச்சிட்ட பனியன்கள் தோரணம்போல் தொங்குவதையும், மார்பு வரை தாடி வளர்த்த ஆஜானுபாகுவான மனிதர்கள் சிலர் இசைத்தட்டுகளைப் பச்சைக் குழந்தைகளை ஏந்துவதுபோல் இரு கைகளிலும் ஏந்தி நிற்பதையும் கண்டபோதுதான், இந்த விளையாட்டில் பந்து என்று ஒன்று இராதோ என்ற ஐயம் என் உள்ளத்தில் முதன்முதலாக உதித்தது.

விஷயம் இதுதான். போர்த்துகீசிய பாஷையைப் பிரேஸில் மக்கள் பேசும் முறையில், சொல்லின் தொடக்கத்தில் வரும் ரகரம் ஹகரமாகிவிடும்; வல்லின மெய்யெழுத்தில் முடியும் அந்நிய நாட்டுச் சொல்லானால், அதை அந்தரத்தில் தொங்க விட மனமில்லாமல், இறுதியில் ஓர் இகரத்தைச் சேர்த்துக் கைதாங்கலாக இறக்கி வைப்பார்கள். ஆகவே 'ராக்' என்ற ஆங்கிலச் சொல் அங்கே 'ஹொக்கி'. இசையுலகில் பிரசித்தி பெற்ற 'ராக் இன் ரியோ' என்னும் பெருவிழாவோ 'ஹொக்கி இன் ஹியு'. 'பஸ்'ஸைப் 'பஸ்ஸு' என்றும் 'கப்'பைக் 'கப்பு' என்றும் உகரம் ஒட்டி வழங்கும் குலத்தில் பிறந்த நான் இதைக் குறித்து நகைப்பதற்கு என்ன யோக்கியதை உடையவன்? மௌனமாக ஒரு பனியனை வாங்கிக்கொண்டேன். பெரிய அளவுக்கு அங்கே 'ஜெ' என்று பெயர். அதனினும் பெரியது 'ஜெ-ஜெ'. கடைக்காரர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, உரத்த குரலில் மூன்று முறை 'ஜெ' சொன்னார்.

பக்கத்துக் கடையின் வாயிலில் ஒட்டியிருந்த விளம்பரத்தைக் காட்டி, அம்மையார் துக்கம் தோய்ந்த குரலில் ஒரு செய்தி சொன்னார். பெலோ ஹொரிஸோன்ட்டி நகரத்தில் 1984 இல் தோன்றி உலகப் புகழ் பெற்ற 'செபுல்ட்டுரா' என்னும் வாத்தியக் குழுவினர், நாற்பதாம் ஆண்டில் விடைபெறத் தீர்மானித்து, சாவின் வழியே வாழ்வைக் கொண்டாடுதல் என்ற பொருள்படும் தலைப்பில் ஊர் ஊராகக் கடைசிக் கச்சேரிகள் நடத்துகிறார்களாம். 'செபுல்ட்டுரா' என்றால் கல்லறை. கல்லறை என்று பெயர் வைத்துக்கொண்டு, தங்கள் இறுதி ஊர்வலத்துக்குத் தாங்களே தலைமை வகித்து, அதற்கு நுழைவுச் சீட்டும் விற்று, ஓராண்டுக்கு மேலாக ஊர்வலத்தை நீட்டிக்கொண்டு போகக்கூடிய பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்!

நுழைவுச் சீட்டு என்றதும், அந்த நாட்டின் அர்த்தசாஸ்திரத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லாமல் மேலே செல்வது தகாது. மாணாக்கருக்கும் அறுபது வயது நிரம்பியவருக்கும் இன்னும் சிலருக்கும் பாதி விலையில் சீட்டுத் தர வேண்டும் என்பது அங்கே சட்டம். இதன் பெயர் 'மெய்யா'. நரைத்த தலையும் பேரப்பிள்ளையும் உடைய மாணாக்கர்கள் ஏராளமாகத் தோன்றிவிட்டமையால், அரை விலைச் சீட்டுகள் மொத்தத்தில் நூற்றுக்கு 40 என்று 2013 இல் இன்னொரு சட்டம் வந்தது. எல்லோரும் பாதி விலை கேட்கப்போகிறார்கள் என்று அறிந்து முழு விலையை இரட்டிப்பாக்கி வைப்பது வியாபார தர்மம் ஆகிவிட்டது என்பது பொதுஜன அபிப்பிராயம். ஆகவே பாதி விலை கொடுப்பவர் உள்ளபடியே முழு விலை கொடுக்கிறார், முழு விலை கொடுப்பவர் முழு மூடர். இதற்குமேல் 'சௌகரியக் கட்டணம்' என்று ஒன்று உண்டு. யாருடைய சௌகரியத்துக்கு என்பதை விற்பவர்கள் விளக்குவதில்லை. மாணாக்கனும் அல்லாத, அறுபதும் எய்தாத நான் முழு விலைக் கூட்டத்தில் தனித்து நின்றேன். அம்மையாரோ, "எனக்கு அரைச் சீட்டு, கூத்து மட்டும் முழுசு" என்று சொல்லிவிட்டு, முதியோருக்கான தனி வரிசையில் இளங்குமரிபோல் நடந்து சென்றார்.

என் போன்ற அநாதைகளுக்கு ஒரே ஒரு மார்க்கம் உண்டு. ஏழைகளுக்குத் தானமாக, கெட்டுப்போகாத உணவுப் பண்டம் ஒரு கிலோ கொண்டுவருவோருக்கும் பாதி விலை என்று பல கச்சேரிகளில் அறிவிப்பார்கள். என் முதல் கச்சேரி அப்படிப்பட்டது. பின்ஹெய்ரோஸ் பகுதியில் ஒரு சிறிய கூடத்தில் நடந்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவனாதலாலும், கடையில் அதுவே யாவற்றிலும் மலிவான பண்டமாக இருந்தமையாலும், நான் ஒரு கிலோ உப்புடன் சென்றேன். காதிலும் மூக்கிலும் புருவத்திலும் வளையங்கள் பூட்டிய வாயிற்காவலர் அந்தப் பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, சுவரில் இருந்த அறிவிப்பின் கடைசி வரியைச் சுட்டு விரலால் காட்டினார். 'உப்பு நீங்கலாக' என்று இருந்தது. எனக்கு முன்னே எத்தனை உலோபிகள் வந்து போயிருந்தால் அந்த வரி அங்கே ஏறியிருக்கும்! என்னைப் போன்ற பிரகிருதிகளை நன்கு அறிந்திருந்த அம்மையார், கைப்பையிலிருந்து கூடுதலாக ஒரு பீன்ஸ் பொட்டலத்தை எடுத்து நீட்டி, என் மானத்தைக் காப்பாற்றினார். மண்டையோட்டுச் சட்டை அணிந்து, கையில் அரிசியும் சேமியாவும் ஏந்தி, ரேஷன் கடை வரிசைபோல் அமைதியாக நகரும் கூட்டத்தைப் பார்த்தவர்கள், உள்ளே நடக்கப்போவது இன்னதென்று ஊகித்திருக்க மாட்டார்கள்.

உள்ளே நடந்தது 'ஹோடா'. ஹோடா என்றால் வட்டம். சங்கீதம் உச்சஸ்தாயியை எட்டும் தறுவாயில், கூட்டத்தின் நடுவே திடீரென்று ஒரு வட்டம் விரியும். அதற்குள் பாய்ந்து ஒருவரையொருவர் தோளால் இடித்துக்கொண்டு சுற்றி ஓடுவது அங்கே ரசிகதர்மம். எனக்கு இடம் விடுவதற்காகத்தான் ஜனங்கள் விலகுகிறார்கள் என்று எண்ணி, அந்த மரியாதைக்கு நன்றியாகத் தலையசைத்தபடி நான் நடுவில் போய் நின்றேன். அதன்பின் சில விநாடிகளுக்கு எனக்குப் பூகோள ஞானம் இல்லை. தரையில் விழுந்தேன்; மூக்குக்கண்ணாடி பறந்தது. விழுந்த மறுகணமே நான்கு பக்கமிருந்தும் கைகள் வந்து என்னைத் தூக்கி நிறுத்தின. சற்று முன் காண்டாமிருகம்போல் என்மீது மோதிய ஒரு தாடிக்காரர், இரு கைகளையும் விரித்துக் கூட்டத்தைத் தடுத்து நிறுத்தினார். பத்துப் பன்னிரண்டு முரடர்கள் கைபேசி வெளிச்சத்தில் குனிந்து தேடினார்கள். என் கண்ணாடி தலைக்கு மேலாகக் கை மாறிக் கை மாறிப் பிரசாதம்போல் வந்து சேர்ந்தது. அதை அணிவித்து, சரியாகத் தெரிகிறதா என்று விசாரித்து, ஆம் என்று நான் சொன்னதும், அதே தாடிக்காரர் மறுபடியும் என்னை இடித்துத் தள்ளினார்.

அம்மையாரின் பூர்வகதையை அன்றிரவு சோளம் தின்றுகொண்டே கேட்டேன். 1985 ஜனவரி 11 முதல் 20 வரை ரியோ டி ஜெனிரோவில் ராபர்ட்டோ மெடினா என்னும் விளம்பரத் தொழிலதிபர் நடத்திய முதலாவது 'ஹொக்கி இன் ஹியு'வுக்கு, வீட்டில் பாட்டி ஊருக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறியிருக்கிறார். பத்து நாட்களில் 13 லட்சத்து 80 ஆயிரம் பேர் வந்ததாகக் கணக்குச் சொல்கிறார்கள். வந்தவர்கள் போக மீதியெல்லாம் சேறு. மழையில் அந்த மைதானமே சதுப்பு நிலமாகிவிட்டது. முதல் நாளிலேயே 'குயீன்' குழுவும் 'ஐரன் மெய்டன்' குழுவும் பாடின. ஐரன் மெய்டன் பாடகர் புரூஸ் டிக்கின்ஸன் தம் நெற்றியில் கிதாரால் தாமே இடித்துக்கொண்டு, ரத்தம் வழிய வழியப் பாடினார். அதே நாளில், தேசமே நேசித்த எராஸ்மோ கார்லோஸ் என்னும் மூத்த பாடகரை, உலோக இசையைத் தவிர வேறெதுவும் செவியில் ஏறாத பக்தகோடிகள் கூச்சலிட்டு அவமதித்தார்கள். அந்தக் கூச்சலில் தங்கள் குரலும் இருந்ததோ என்று நான் கேட்டேன். அம்மையார் சோளக்கதிரை வெகு சிரத்தையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விழாவின் நடுவே, ஜனவரி 15 அன்று, 21 ஆண்டு ராணுவ ஆட்சிக்குப் பின் டான்கிரேடோ நேவ்ஸ் என்ற சிவிலியன் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். "ஜனநாயகமும் சேற்றுப்புண்ணும் எனக்கு ஒரே வாரத்தில் வந்தன, மகனே" என்றார் அம்மையார். "புண் ஆறிவிட்டது."

இனி, 2024 டிசம்பர் 7 ஆம் தேதி நடந்ததைச் சொல்ல வேண்டும். ஐரன் மெய்டன் குழுவின் கச்சேரி. இடம், பல்மெய்ராஸ் கால்பந்து சங்கத்தின் மைதானம். அம்மையாரோ பரம்பரையாகக் கொரிந்தியன்ஸ் சங்கத்தின் ஆதரவாளர். அவ்விரு சங்கத்தாருக்கும் உள்ள விரோதத்தை விளக்க முற்பட்டால் கட்டுரை இன்று முடியாது. வாயிலைத் தாண்டும்போது அவர் கண்ணை மூடிச் சிலுவைக் குறி இட்டுக்கொண்டார். பேய் பிசாசுப் படங்கள் நிறைந்த கச்சேரி என்பதால் தற்காப்போ என்று எண்ணி வினவினேன். "பேய்கள் நம்மவர்கள்" என்றார் அவர், "நான் பயப்படுவது இந்த மைதானத்துக்கு."

அன்று காலையிலிருந்தே வரிசையில் ஒரு துயரம் நிலவியது. அக்குழுவில் 42 ஆண்டுகளாக முரசு கொட்டி வந்த நிக்கோ மெக்பிரெய்ன், அன்றைய கச்சேரியே தம் கடைசிப் பயணக் கச்சேரி என்று அன்றே அறிவித்திருந்தார். வயது 72. முந்திய ஆண்டில் பக்கவாதம் கண்டு, வலப்பக்கம் செயலிழந்து, பிரயாசையுடன் மீண்டு வந்தவர். வெறுங்காலால் மிதித்து வாசிப்பது அவர் வழக்கம். முழங்கால் வலிக்கு நல்ல தைலம் எங்கே கிடைக்கும் என்று வரிசையில் நின்றவர்களிடம் விசாரித்துக்கொண்டிருந்த நான், இச்செய்தியைக் கேட்டதும் விசாரணையை நிறுத்திக்கொண்டேன்.

பாடப்போவதில்லை என்று நான் ஒரு சங்கற்பம் செய்திருந்தேன். பாடல்களின் சொற்கள் எனக்குத் தெரியா. தெரியாததைப் பாடுவது நாகரிகம் அன்று. ஆனால் பிரேஸில் ரசிகர்கள் சொற்களோடு திருப்தி அடைகிறவர்கள் அல்லர் என்ற உண்மையை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் கிதாரையும் பாடுவார்கள். கனடா தேசத்து 'ரஷ்' குழு 2002 நவம்பர் 23 அன்று மரக்கானா மைதானத்தில் வாசித்தபோது, வாய்ப்பாட்டு என்பதே அறவே இல்லாத 'ஒய் ஒய் ஸெட்' என்ற வாத்திய உருப்படியை, கூடியிருந்த நாற்பதாயிரம் பேர் குதித்துக்கொண்டே வாயால் பாடித் தீர்த்தார்கள். அது ஒலிநாடாவிலும் பதிவாகி உலகெங்கும் விலை போயிற்று. அந்த உருப்படியோ, டொரோன்டோ விமான நிலையத்தின் குறியீட்டை மோர்ஸ் தந்தி முறையில் தாளமாக்கியது. ஒரு விமான நிலையத்தின் தந்தி விலாசத்தை உருக்கமாகப் பாடக்கூடிய ஜனங்களிடம், 'எனக்குச் சொற்கள் தெரியா' என்ற சமாதானம் செல்லுபடியாகுமா?

'ஃபியர் ஆஃப் த டார்க்' என்ற பாடல் தொடங்கிற்று. கிதார் மெல்ல ஒரு மெட்டை இழைத்தது. மைதானம் முழுவதும் 'ஓ, ஓ' என்று அந்த மெட்டை வாங்கிக்கொண்டது. மேடையில் இருந்தவர்கள் வாசிக்கிறார்களா, இவர்கள் பாடுவதற்குச் சுருதி சேர்க்கிறார்களா என்று தெரியவில்லை. இங்கிலாந்திலிருந்து இத்தனை தூரம் கடல் கடந்து வந்த அந்த முதியவர்கள் ஒருவேளை கேட்பதற்காகவே வந்திருக்கிறார்களோ என்று எனக்குத் தோன்றிற்று. பஞ்சு அடைத்திருந்த என் காதுகளுக்குள் ஒரு குரல் மிகவும் அபஸ்வரமாக ஒலித்தது. யார் இந்தச் சங்கீதத் துரோகி என்று இருபுறமும் திரும்பிப் பார்த்தேன். அம்மையார் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அது நான்.

கச்சேரி முடிந்து விளக்குகள் எரிந்ததும், இக்குழுவின் வழக்கப்படி ஒலிபெருக்கியில் ஒரு பழைய ஆங்கிலத் திரைப்படத்தின் பாட்டைப் போட்டார்கள். சிலுவையில் கட்டுண்டு தொங்குகிறவர்கள் உற்சாகமாகச் சீட்டியடித்துக்கொண்டு பாடுகிற பாட்டு. அம்மையார் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறு கையால் என் தோளைப் பற்றிக்கொண்டு, அதற்கும் சீட்டியடித்தார். வெளியே தெருவில் வறுத்த இறைச்சிப் புகையும், குளிர்ந்த பீர் விற்பவர்களின் கூவலும், கள்ளச் சந்தைப் பனியன்களின் விலைச் சரிவுமாக இருந்தன. என் மூன்று 'ஜெ' அளவுச் சட்டை, காலையில் கேட்ட விலையில் பாதிக்குக் கிடைத்தது. அம்மையாரின் பீன்ஸ் உதவியின்றி என் வாழ்நாளில் நான் பெற்ற ஒரே 'மெய்யா' அதுதான்.

மறுநாள் காலை ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் அழைத்தபோது, எனக்குத் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

"என்னடா, குரல் இப்படிக் கட்டியிருக்கு? ஜலதோஷமா?"

"இல்லேம்மா. நேத்து ஹாக்கி பார்க்கப் போயிருந்தேன்."

"அந்த ஊர்ல ஹாக்கியெல்லாம் உண்டா? யாரு ஜெயிச்சா?"

சற்று யோசித்தேன். கீழே எங்கேயோ, யாரோ மாடிப்படியில் சீட்டியடித்துக்கொண்டு ஏறும் ஓசை கேட்டது.

"மூணாம் மாடி" என்றேன்.